ஏற்புரை இல்லாத பாராட்டு

எங்கள் சங்கத்து விழாக்களில் எனக்கென்று ஒரே ஒரு வேலைதான் உண்டு. பெண் விருந்தினர் யாரையாவது கௌரவிப்பதென்றால் நான் மேடையேறிப் பொன்னாடை போர்த்த வேண்டும். ஆண் விருந்தினர் என்றால் தலைவரே போர்த்துவார். தோளில் கை போட்டு நின்று படமும் எடுத்துக்கொள்வார். பெண்ணுக்கு ஆண் போர்த்துவது எங்கள் ஆட்களுக்குச் சரிப்படாது. நிர்வாக சபையில் இருப்பவர்களோ அத்தனை பேரும் ஆண்கள். ஆகவே ஒவ்வொரு தடவையும் கூட்டத்தைப் பார்த்து, "மங்கையர் சார்பில்" என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய், கொண்டை கலையாமல், தோட்டில் சரிகை மாட்டாமல் போர்த்திவிட்டு, கமராக்காரர் தலையாட்டியதும் இறங்கி வந்துவிடுவேன். சிட்னிக்கு வந்து எனக்குத் தலையும் நரைத்துவிட்டது. அந்த மேடையில் நான் வாய் திறந்ததே இல்லை.

கவுன்சில் தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது தலைவர் போன் எடுத்தார்.

"அக்கா, எங்கட பக்கத்துப் பிலிப்பினோப் பொம்பிளையள் மூண்டு பேரைக் கௌரவிக்கப் போறம். அரசியல், நிர்வாகம், சமூக சேவை எண்டு மூண்டு துறையில. மூண்டு பொன்னாடை எடுத்தாச்சு. நீங்கள்தான் வரவேணும்."

எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. எங்கள் ஆட்களே எங்கள் ஆட்களுக்கு மாறி மாறி மாலை போடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன். அயலில் இருக்கிற இன்னொரு சனத்தைத் திரும்பிப் பார்க்கிறார்களே என்று நினைத்தேன். அதிலும் அரசியல் என்று அவர் சொன்னது ஆத்தேயை.

ஆத்தே என்றால் பிலிப்பினோக்களின் பேச்சில் அக்கா. நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். அங்கிருந்த பிலிப்பினோப் பெண்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. படுக்கையில் கிடக்கும் ஒருவரைத் தூக்கு இயந்திரத்தில் வைத்துக் கதிரைக்கு மாற்றுவதென்றால் இரண்டு பேர் நிற்க வேண்டும். அதுதான் விதி. சனி ஞாயிறுகளில் முகாமையாளர் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒருவரைத்தான் போடுவார். நாங்களும் முதுகு நோக, பயந்து பயந்து, தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிறு காலை ஆத்தே தூக்கவில்லை. அந்தக் கிழவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தேத்தண்ணீர் பருக்கி, கதை சொல்லிக்கொண்டிருந்தார். முகாமையாளர் வந்து கத்தினார். "இரண்டாவது ஆள் வந்ததும் தூக்குகிறேன்," என்றார் ஆத்தே. சத்தம் போடவில்லை, எழும்பவும் இல்லை. கடைசியில் முகாமையாளரே கோட்டைக் கழற்றிவிட்டு இயந்திரத்தின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். அடுத்த மாதத்திலிருந்து எங்களுக்கு இரண்டு பேர்.

அப்படிப்பட்டவரைக் கட்சி கண்டுகொண்டதில் அதிசயமில்லை. முதலில் ஒப்புக்குத்தான் நிறுத்தினார்கள். அவரோ வேலை முடிந்து சீருடையோடு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி வென்று காட்டினார். அடுத்த தேர்தலில் கட்சிப் பட்டியலில் முதலிடம் கொடுத்தார்கள், அதிலும் வென்றார். எங்கள் பக்கத்துக் கவுன்சில் முறையில் பட்டியலில் முதலிடம் கிடைத்தவர் பெரும்பாலும் உள்ளே போய்விடுவார். மூன்றாமிடம் என்றால் சுவரொட்டியில் சிரிக்கலாம், அவ்வளவுதான்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் எடுத்துத் தந்தவர் அவர். முதியோர் இல்லத்துக்கு எதிரே பஸ் தரிப்பிடத்தில் கூரையும் உட்கார ஒரு வாங்கும் வந்தது அவரால். படகில் வந்த எங்கள் பொடியன்கள் வில்லாவுட் தடுப்பு முகாமுக்குள் அடைபட்டிருந்த காலத்தில் பார்வையாளர் நாட்களில் வந்தவர். நூடில்ஸ் செய்து எடுத்துவருவார். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டோம் என்பார்கள். அதை எங்களோடு கார்த் தரிப்பிடத்தில் வைத்துப் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போய் அந்தப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருவார். எங்கள் சங்கத்து ஆண்களில் ஒருவரையும் நான் அங்கே கண்டதில்லை. விசா விசயத்தில் பெயர் அடிபடும் என்று பயம்.

இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் வீட்டுக் குசினிகளில் என்ன கதைப்பார்கள் தெரியுமா? "ஒரு பிலிப்பினோக்காறியோ எங்களுக்குக் கவுன்சிலர்? அவையள் ஊருலகமெல்லாம் வீட்டு வேலைக்குப் போறவையெல்லோ." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பெண்கள் குவைத்துக்கும் துபாய்க்கும் என்ன வேலைக்குப் போனார்கள்? என் சொந்தச் சின்னம்மா எந்த வேலைக்குப் போய்த் தன் பிள்ளைகளைப் படிப்பித்தார்? இங்கே நாங்கள் செய்கிற வேலைதான் என்ன? கிழவர்களின் கால் கழுவித்தான் இந்த வீடுகள் எழும்பின. வீட்டு வேலை செய்தவள் ஊரை நடத்தக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

கட்சியில் சேரச் சொல்லி எங்களை முதலில் கேட்டதும் ஆத்தேதான். பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, "வெளியே நின்று கெஞ்சுகிறவர்களை ஒருவரும் கவனிப்பதில்லை. உள்ளே வாருங்கள்," என்றார். நான்தான் முதல் ஆளாக அங்கத்துவப் படிவத்தில் கையெழுத்து வைத்தேன். பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் வைத்தார்கள். படிவங்கள் எல்லாவற்றையும் தலைவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். "நான் பாத்து அனுப்புறன்," என்றார். கூட்டங்களுக்கு என் வீட்டுக்காரர் போய்வருவார். எனக்கு வார இறுதி வேலை.

சரி, பாராட்டு விழாவுக்கு வருகிறேன். முதல் போனுக்குப் பிறகு தலைவர் மறுபடி எடுத்தார். இந்த முறை குரலில் தேன் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"அக்கா, ஒரு விசயம். இந்தமுறை கட்சி ரிக்கெற்றில முதல் இடத்துக்கு நான் கேக்கிறன். எங்கட ஆக்கள்தான் இப்ப கட்சிக் கிளையில கூட. அவ ரெண்டு தரம் இருந்திட்டாதானே. மரியாதையா அனுப்பி வைப்பம் எண்டுதான் இந்த விழா."

"அவ போறன் எண்டு சொன்னவவோ?"

"சொல்லேல்லை. ஆனா ஒரு சேவைநலன் பாராட்டுச் செய்துவிட்டா அவவுக்கும் விளங்கும், சனத்துக்கும் விளங்கும்தானே."

ஊரில் பென்சன் எடுக்கிற பள்ளிக்கூட அதிபருக்கு நாங்கள் செய்வது இதுதான். மாலை, பொன்னாடை, வாழ்த்துப்பா, கண்ணீர். மறுநாள் காலையில் அவருடைய கதிரையில் வேறு ஆள். அதையே ஓய்வுபெறாத ஒரு பெண்ணுக்கு, அவருக்குத் தெரியாத மொழியில், அவர் எடுத்துத் தந்த மண்டபத்திலேயே செய்யப் பார்க்கிறார்கள்.

"ஏற்புரை கடைசியிலயோ?" என்று கேட்டேன். எங்கள் விழாக்களில் கௌரவம் பெற்றவர் எழும்பி நாலு வார்த்தை பேசாமல் விழா முடியாது. சில பேர் ஏற்புரையைத் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும், என்றாலும் விடுவோம்.

"இல்லை அக்கா, இந்தமுறை ஏற்புரை இல்லை. நேரம் காணாது."

நான் போனை வைத்துவிட்டு நேரே ஆத்தேயின் வீட்டுக்குப் போனேன். கராஜில் நின்று போன தேர்தலின் பிளாஸ்ரிக் சுவரொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த முறையும் பாவிக்கலாம் என்று. எங்களுக்குள் ஆங்கிலம்தான் பேச்சு. தலைவர் முதலிடம் கேட்பதைச் சொன்னேன். அவர் துணியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"யாரோ போட்டியிடப் போகிறார்கள் என்று தெரியும். உங்கள் தலைவர் என்று தெரியாது. என் கையைப் பிடித்து அழைத்தவர் அவர்தான்."

"வராதீர்கள்," என்றேன்.

"வராமல் விட்டால் தமிழர்களை மதிக்கவில்லை என்று சொல்வார்கள். விழாவுக்கு அடுத்த ஞாயிறு கட்சிக் கிளைக் கூட்டத்தில் முதலிடத்துக்கு வாக்கெடுப்பு. அங்கத்தவர்களின் தொலைபேசி எண்களைக் கட்சி எனக்குத் தராது. உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கப் போவது இந்த விழாவில்தான். நான் போகவில்லை, நிற்கிறேன் என்று அவர்களிடம் சொல்ல வேறு வழியில்லை. எனக்கு மைக் மட்டும் வேண்டும். மூன்று நிமிடம் போதும்."

அந்த மைக்கைத்தான் அவர்கள் வெட்டிவிட்டார்கள். அதை நான் சொன்னபோது அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "பார்ப்போம்," என்று மட்டும் சொன்னார்.

விழா நாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. கௌரவம் பெற வந்த மூவரும் வண்ணத்துப்பூச்சிச் செட்டை போலத் தோள் உயர்ந்த தங்கள் உடையில் வந்திருந்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் வெறுங்கையோடு வரவில்லை. அது அவர்களுடைய பழக்கமில்லை. தட்டுத் தட்டாகப் பொரித்த லும்பியா கொண்டுவந்திருந்தார்கள், எங்கள் ரோல்ஸுக்குத் தம்பி மாதிரி மெல்லிசாக, நீளமாக. எங்கள் உபசரிப்புக் குழு அதை வாங்கி, "உள்ளுக்க என்ன இறைச்சியோ தெரியாது" என்று பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தியது. எங்கள் மட்டன் ரோல்ஸ் மட்டும் முன்மேசையில் கம்பீரமாக இருந்தது.

பிறகு பேச்சு. மெல்பேணிலிருந்து ஒரு பட்டிமன்றப் பேச்சாளரை வரவழைத்திருந்தார்கள். பெண் என்பவள் மெழுகுதிரி, பெண் என்பவள் ஆலமரம், பெண் என்பவள் நதி என்று அவர் சொல்லாத பொருள் இல்லை. கவுன்சிலர் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. தலைவர் எழும்பி, "பிலிப்பைன்ஸ் நாட்டின் மூன்று மலர்கள்" என்று தொடங்கி, அந்த மலர்களில் ஒன்று இப்போது இளைப்பாறப் போவதாகவும், அதன் நிழலில் நாம் நீண்ட காலம் இருந்ததாகவும் முடித்தார். மலருக்கு எங்கே நிழல்? ஒரு சொல்லையும் ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை. யாரைப் பற்றிப் பேசினார்களோ அந்த மூன்று பெண்களும் மேடையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, விளங்காத பேச்சுக்கு மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மங்கையர் சார்பில்" என்று கூப்பிட்டார்கள். நான் போனேன்.

பொன்னாடையை விரித்து என் கையில் போட்டார் செயலாளர். ஆத்தே எழுந்து நின்று தலையைக் கொஞ்சம் குனிந்தார். கமராக்காரர் முட்டுக்காலில் இருந்தார். நான் போர்த்தவில்லை.

"போர்த்துங்கோ அக்கா," என்றார் தலைவர், சிரிப்புக் குலையாமல்.

"முதல் அவ கதைக்கட்டும். பிறகு போர்த்துறன்."

"ஏற்புரை இல்லை எண்டு சொன்னனான்தானே. நேரம் போகுது."

"அப்ப பொன்னாடையும் இல்லை."

தலைவர் கை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். பொன்னாடையை என் கையிலிருந்து பறித்துத் தானே போர்த்த முடியாது. அவ்வளவு சனத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் தோளில் அவர் துணி போட்டால் நாளைக்குக் கோவிலில் அதுதான் கதை. செயலாளரைப் பார்த்தார், செயலாளரும் ஆண். பொருளாளரைப் பார்த்தார், அவரும் அப்படியே. இத்தனை வருடமும் ஒரு பெண்ணைக்கூடச் சபையில் சேர்க்காததன் பலன் அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். கடைசியில் முன்வரிசையில் இருந்த தன் மனைவிக்குக் கண்ணைக் காட்டினார்.

அந்தப் பிள்ளை நல்ல கூறைச்சேலை உடுத்திக்கொண்டு, கொசுவத்தைப் பிடித்தபடி மெதுவாகப் படியேறி வந்தது. இவள் துணியை வாங்கிப் போர்த்திவிட்டால் எல்லாம் முடிந்தது. பக்கத்தில் வந்து, "என்னக்கா பிரச்சினை?" என்று கேட்டாள்.

"மூண்டு பேருக்கும் ஏற்புரை இல்லையாம். நேரம் காணாதாம்."

அவள் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் முக்கால் மணித்தியாலம் கதைச்சனீங்கள்தானே," என்றாள். தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் மைக் தலைவரின் கையில் இருந்தது. அது போட்டபடியே இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. அவள் அவருடைய கையிலிருந்த மைக்கை வாங்கி ஆத்தேயிடம் கொடுத்துவிட்டுத் தன் கதிரைக்குப் போய்விட்டாள்.

ஆத்தே ஆங்கிலத்தில், நிதானமாகப் பேசினார். "இவ்வளவு நேரம் என்னைப் பற்றி நல்லதாகவே சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தமிழ் விளங்காது. ஒருவேளை நான் ஓய்வு பெறுகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறு. நான் ஓய்வு பெறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்தில் உங்களுடைய வாக்கைக் கேட்கிறேன். நான் செய்தது உங்களுக்குத் தெரியும். செய்யாததும் தெரியும், ரயில் நிலையத்துக்கு லிப்ட் இன்னும் வரவில்லை. அதற்காகத்தான் இன்னொரு தடவை கேட்கிறேன்."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு மைக்கை மற்ற இரண்டு பெண்களிடமும் கொடுத்தார். ஒருவர் ஆஸ்பத்திரி நிர்வாக சபையில் இருப்பவர். ஒரு காலத்தில் வார்ட் தாதி. பிரசவ வார்ட்டில் இரவு நேரத்திலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சபையில் சண்டை பிடித்து வாங்கியவர் தான் என்றும், முதலில் கிடைத்தது தமிழுக்குத்தான் என்றும் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மற்றவர் கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட வெளிநாட்டு மாணவர்களுக்குச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர். அவர் சொன்னது ஒரே ஒரு விசயம்: "நாங்கள் கொண்டுவந்த லும்பியா பின்னறையில் இருக்கிறது. கோழியும் மரக்கறியும் வேறு வேறாக இருக்கிறது. தயவுசெய்து சாப்பிடுங்கள்."

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. பெண்கள் எழும்பி நின்று தட்டினார்கள். நான் மூவருக்கும் ஆசையாகப் போர்த்தினேன். லும்பியா ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. ஆத்தேயின் கையைப் பிடித்து எத்தனை பெண்கள், "ஓம் ஓம், உங்களுக்குத்தான்" என்று சொன்னார்கள் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வீடு திரும்பினேன். "நீர் உதுக்குள்ள தலைப்போட்டிருக்கத் தேவையில்லை," என்று வீட்டு வாசலில் வைத்து வீட்டுக்காரர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு கிளைக் கூட்டத்துக்குப் போனேன். நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன மண்டபம். வாசலில் கட்சிக்கார இளம் பெண் ஒருத்தி ஒவ்வொருவராக அங்கத்துவ அட்டையைப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பேர்ஸிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். நான் என் பெயரைச் சொன்னேன். அவள் தேடிப் பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும், நீங்கள் அங்கத்தவர் இல்லை என்றாள். நான்தான் முதலில் கையெழுத்து வைத்தவள் என்றேன். அவள் பாவம், என்ன செய்வாள்?

தலைவர் உள்ளேயிருந்து வந்தார். கோட்டும் சூட்டும் போட்டிருந்தார்.

"அக்கா, உங்கட படிவத்தை அனுப்பேல்லை. வீட்டுக்கு ஒராள் காணும் எண்டு அப்பவே கமிற்றியில முடிவெடுத்தனாங்கள். கூட்டங்களுக்கு ஆம்பிளையள்தானே வாறவை."

"எங்களிட்டக் கேட்டனீங்களோ?"

"அண்ணைக்குத் தெரியும்தானே," என்றார்.

அண்ணை என்றால் என் வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு காலமும் எங்கள் இருவருக்குமாகத்தான் கூட்டத்துக்குப் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கதிரையில் உட்கார்ந்திருந்தவர் என் பக்கம் திரும்பவில்லை.

கார்த் தரிப்பிடத்துக்கு வந்தேன். அங்கே நான் தனியாக இல்லை. விழாவில் எழும்பி நின்று கைதட்டிய பெண்கள் அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள். சிலர் காருக்குள் இருந்து போன் பார்த்தார்கள், சிலர் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரிடமும் அட்டை இல்லை. மண்டபத்தில் கைதட்டியவர்கள் வெளியே. கை கட்டிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே. தலைவரின் மனைவியும் ஒரு மரத்தடியில் நின்றாள். "எனக்கும் இல்லையக்கா," என்றாள். கையெழுத்து வைக்கும்போது தன் பிள்ளை மடியில் அழுதுகொண்டிருந்தது தனக்கு ஞாபகம் என்று சொன்னாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்று தெரிந்தும் வெட்கமாக இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

உள்ளே கைதட்டல் கேட்டது. முதலில் வெளியே வந்தவர் ஆத்தே. முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. முதலிடம் தலைவருக்கு. அவருக்கு மூன்றாமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தோற்றுவிட்டு வருகிறவர் எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"நீங்கள் எல்லோரும் ஏன் வெளியே நிற்கிறீர்கள்? வாக்குப் போடவில்லையா?"

நான் சொன்னேன். வீட்டுக்கு ஒருவர் போதும் என்ற கதையை ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்கே நாக்குக் கூசியது. தோற்றதற்கு முகம் மாறாதவர் அதற்கு மாறினார். "உள்ளே வாருங்கள் என்று நான்தானே கூப்பிட்டேன்," என்றார். "கூப்பிட்டு உங்களைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டேனே."

"கதவைச் சாத்தினது நீங்கள் இல்லை," என்றேன்.

பிறகு, மூன்றாமிடத்தைத் தான் எடுக்கப் போவதில்லை என்றார். கட்சியை விட்டுச் சுயேச்சையாக நிற்கப் போகிறார். தனியாகப் பெயர் கொடுத்தால் வாக்குச் சீட்டின் ஓரத்தில் கிடக்கும், ஒருவர் கண்ணிலும் படாது. அணியாக நின்றால்தான் கட்சிகளோடு சமமாகச் சீட்டின் மேல்வரிசையில் வரும். அதற்குக் கூட நிற்க ஆட்கள் வேண்டும், இந்தப் பகுதியில் வாக்குரிமை உள்ளவர்களாக. கட்சி அட்டை ஒன்றும் தேவையில்லை.

அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. கேட்கவும் தேவையிருக்கவில்லை.

வீட்டுக்காரர் வெளியே வந்து, ஒன்றும் நடக்காதது போலக் காரைத் திறந்தார். லிட்கம் பாலம் தாண்டும் வரை ரேடியோ மட்டும் பேசியது. சிவப்பு விளக்கில் நின்றபோது அவரே தொடங்கினார்.

"எங்கட ஆள் ஒராள் வரட்டும் எண்டுதான் தலைவருக்குப் போட்டனான்."

நான் ரேடியோவை நிறுத்தினேன்.

"அவ என்ன, உங்களோட நெடுகக் கதைச்சுக்கொண்டு நிண்டா?"

"தனியா எலெக்சன் கேக்கப் போறா. கூட நிக்க ஆள் வேணுமாம். இரண்டாவதா என்ர பேரைக் குடுத்திட்டன்."

ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். "என்னை ஒரு சொல்லுக் கேக்காமலோ?"

"வீட்டுக்கு ஒராள் காணும் எண்டு நீங்கள்தானே முடிவெடுத்தனீங்கள்," என்றேன். "இந்தமுறை அந்த ஒராள் நான். காரை எடுங்கோ, பச்சை விழுந்திட்டுது."